பத்து நாள் தாங்க வேண்டிய நூல்

கண்ணு,

நேற்று நீ குன்னத்தூர் மாமியார் வீட்டிலிருந்து போன் செய்தபோது நான் மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள், மூக்கு தாத்தாவைப் போல, அழுதால் மட்டும் உங்களைப் போல என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். நித்யா எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். "நல்லா இருக்காங்மா. தையல் மட்டும் கொஞ்சம் வலிக்குதாமா. அவ்ளோதானுங்க" என்றாய். பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டும், இனி பதினைந்து நாள் கழித்துத்தான் லீவு என்று சொல்லி வைத்துவிட்டாய். துணியை மடித்து முடிக்கும்வரை அந்த 'அவ்ளோதானுங்க' என் காதிலேயே இருந்தது. குழந்தை பிறந்து இன்றைக்கு ஆறாம் நாள். அதனால்தான் உடனே எழுதுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியைப் பார்க்க வரும் உன் அப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. வழியில் அவர் எடுத்துப் படித்தால் படிக்கட்டும். இதில் இருப்பதில் பாதி அவருக்கும் தெரியாது. நான் புதன்கிழமை வருகிறேன். ஆனால் நான் கேட்டால் நித்யா மாமியாருக்குச் சொல்லும் பதிலைத்தான் சொல்வாள்.

ஒரு மகனுக்கு இதையெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் எவ்வளவு கூச்சக்காரி என்பது உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால்கூட டீச்சர் கூப்பிடும்வரை வராந்தாவிலேயே நிற்பேன். ஆனால் நீ பிறந்த கதையில் இந்தப் பகுதியை நான் எப்போதும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். மழை பெய்தது, ஆட்டோ கிடைக்கவில்லை, நீ பிறந்ததும் நர்ஸ் உன்னைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினாள் என்பதுவரைதான் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்குத் தையல் போட்டார்கள். தலைப்பிள்ளைக்காரிகளுக்குப் பிறப்புவழியில் சற்று வெட்டிவிட்டு, பிள்ளை வந்ததும் தைப்பது அன்றைக்குப் பல இடங்களில் வழக்கம். தையல் தானாகக் கரைந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். கரைந்தது, ஆனால் அது அவசரப்படவில்லை. மூன்று வாரம் நான் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன். துண்டைச் சுருட்டி வளையமாக்கி அதன்மேல் உட்கார்ந்து உனக்குப் பால் கொடுத்தேன். வலியைவிட அந்தக் குத்தல்தான் தாங்கவில்லை. புதுப் பனியனில் கழுத்துக்குப் பின்னால் லேபிள் குத்துமே, அதைப்போல ஒன்று, கைவைத்துச் சொல்ல முடியாத இடத்தில். பார்க்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கேனுங்க" என்றேன். உன் அப்பாவும் கேட்டார். அவருக்கும் அதையேதான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். நம்பியது அவர் தப்பில்லை, ஆனால் இரண்டாம் முறை கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

உனக்கு மூன்று வயதானபோது வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சேவூர்ப் பக்கத்து மில்லில் கோன் வைண்டிங்கில், நூல் சுற்றும் மிஷினில் நின்றவர். நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து முடித்ததும் கல்யாணம், உடனே நீ. பட்டம் பீரோவிலேயே இருந்தது. அப்போது அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு நாடா கம்பெனி இருந்தது. ட்ராக் பேன்ட்டுக்கும் தொப்பி வைத்த டி-சர்ட்டுக்கும் இடுப்பிலும் கழுத்திலும் கோக்கிற நாடாவைப் பின்னித் தள்ளும் கம்பெனி. அதன் முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஆபரேஷன் தையல் நூலும் பல இழைகளைச் சேர்த்துப் பின்னுகிற பின்னல்தான், நாடாவை மெலிதாக்கிக்கொண்டே போனால் அதுதானே என்று. வெளிநாட்டிலிருந்து கரையும் இழையை வரவழைத்து, பின்னி, மேலே வழவழப்பான பூச்சுக் கொடுத்து, பெண்களுக்கான ஆபரேஷன்களுக்கென்றே ஒரு நூல் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். நல்ல மனிதர். ஆனால் அந்த நூல் எங்கே போகும் என்பதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அதுங்க அம்மிணி, லேடீஸுக்கு, அந்த ஆபரேஷனுக்குங்க" என்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். நானும் அதே காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினேன். வேலை கிடைத்துவிட்டது.

முதல் மாதமே ஒரு டாக்டரம்மா கம்பெனிக்கு வந்தார். எங்கள் நூலைச் சோதித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்ட மகப்பேறு மருத்துவர். மேசையைச் சுற்றி முதலாளி, அவருடைய மைத்துனர், பூச்சு மருந்து விற்கிறவர், மிஷின் மெக்கானிக் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு சுவரோரம் நின்றேன். நூலின் பலம், தடிமன், வழவழப்பு என்று அரை மணி நேரம் பேசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "நாலு ஆம்பளைங்க பேசிட்டீங்க. தையல் போட்டுக்கிட்டவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். பிறகு அவர் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "வெட்டிவிட்ட நுனிதானுங்க குத்தும். முடிச்சுப் போட்ட இடத்துல" என்றேன். என் உடம்பில் நடந்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த ஆறு பேர் இருந்த அறையில்தான், உன் அப்பாவிடம்கூட இல்லை. டாக்டரம்மா தன் பேனாவை மூடிவிட்டு முதலாளியிடம், "இதைச் சரி பண்ணுங்க முதல்ல. பத்து நாள் தாங்கணும். அதுக்கப்புறம் இருக்கிற இடம் தெரியக் கூடாது. இருக்கிற நாள்லயும் குத்தக் கூடாது" என்று சொன்னார்.

அடுத்த ஒன்றரை வருஷம் அந்த மூன்று வாக்கியங்கள்தான் என் வேலை. இறுக்கிப் பின்னினால் முடிச்சு நிற்கும், ஆனால் வெட்டிய நுனி துடைப்பக் குச்சி போல விறைத்து நிற்கும். தளர்த்திப் பின்னினால் நுனி துவளும், ஆனால் சதைக்குள் இழுக்கும்போது அறுத்துக்கொண்டு போகும், முடிச்சும் நழுவும். பூச்சைக் கூட்டினால் வழுக்கும், குறைத்தால் சொரசொரக்கும். கடைசியில் விடை பனியனிலிருந்துதான் கிடைத்தது. மெல்லிய நூலில் பின்னிய பனியன் உடம்பில் மிருதுவாகக் கிடப்பது பனியன் தைத்துப் பிழைக்கும் இந்த ஊரில் யாருக்கும் தெரிந்த சங்கதி. அதேபோல் இழையை இன்னும் மெலிதாக எடுத்து, எண்ணிக்கையைக் கூட்டி, அதே தடிமனுக்கு இறுக்கமாகவே பின்னினோம். முடிச்சும் நின்றது, நுனியும் துவண்டது. வெட்டிய நுனியை நான் கீழ் உதட்டில் தொட்டுப் பார்ப்பேன். குத்தினால் உதடு சொல்லிவிடும். பின்னல் மிஷினில் இருந்த மணியக்கா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பதினைந்து வருஷமாக நாடா மிஷின் ஓட்டியவர். என்னைப் பார்த்து, "ஏ பிள்ள, நூலச் சோதிக்கியா, முத்தம் குடுக்கியா?" என்று சிரிப்பார். எங்கள் இருவரையும் தவிர அந்தப் பின்னல் அறைக்குள் வேறு யாரும் வருவதில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, ஈரத்தை உறிஞ்சும் ஒரு மிஷின். இந்த நூல் உடம்பின் ஈரத்தில்தான் கரைகிறது, அதனால் வெளியே இருக்கும்போது ஈரம் படக்கூடாது. இது எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் ஏசியும் அந்த மிஷினும் ஒன்றாக நின்றுபோயின. சரிசெய்ய ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். டாக்டரம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய கடைசி லாட் நூல் பாதியில் இருந்தது. அறை அடுப்பு மாதிரி காய்ந்தது. மெல்லிய இழைகள் சிலிர்த்துப் பறந்து பட்பட்டென்று அறுந்தன. எங்கள் ஊரில் நூல் அறுந்தால் என்ன செய்வார்கள் என்பதை நான் நடக்கப் பழகும் முன்பே பார்த்திருக்கிறேன். அம்மாவின் மில்லில் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் நனைந்த சாக்கைத் தொங்கவிடுவார்கள். பஞ்சு நூலுக்கு ஈரம் பட்டால் பலம் கூடும். யோசிக்கவே இல்லை. மணியக்காவிடம் நான்தான் சொன்னேன், சாக்கை நனைத்துக் கட்டுங்கக்கா என்று. "அப்படிச் சொல்லு. நூலுக்கும் தாகம் எடுக்குமுல்லா" என்று அவர் சந்தோஷமாகக் கட்டினார். இழை அடங்கியது, மூன்று நாளும் மிஷின் நிற்காமல் ஓடியது. கவரில் அடைப்பதற்கு முன் நூலைச் சூட்டறையில் உலர்த்த வேண்டும். சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் அந்த நேரத்தைக் குறைத்து, புறங்கையில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது போலத்தான் இருந்தது. பனியன் துணி காய்ந்ததா என்று இந்த ஊரே அப்படித்தான் பார்க்கும். இழைக்குள் இருந்த ஈரத்தோடு அதைக் கவருக்குள் வைத்து மூடினோம். புறங்கைக்குத் தெரியாத ஈரம் அது. நோட்டில் சாக்குக் கட்டியதை நான் எழுதவில்லை. மறைக்க நினைத்து அல்ல, எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

கிருமி நீக்கம் செய்து திரும்பி வந்ததும் இழுத்துப் பார்த்தோம், பலம் சரியாக இருந்தது. அடுத்த சோதனைதான் முக்கியம். உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீரில் போட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இதே பின்னலில் முந்தைய லாட்டுகள் எல்லாம் தேறியிருந்ததால், இதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று பெட்டிகளைத் திங்கட்கிழமை டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லா அனுமதியும் வாங்கி, விவரம் சொல்லி, சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு மட்டும் போடுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையே வெதுவெதுப்பான பாட்டிலில் நான் சில நூல்களைப் போட்டு வைத்திருந்தேன். புதன்கிழமை காலை ஒன்றைக் கொக்கியால் தூக்கினேன். வெந்த சேமியா மாதிரி நடுவில் விட்டுப்போனது. இன்னொன்றைத் தூக்கினேன். அதுவும். அப்போதுதான் ஜன்னலில் சாக்குக் கட்டியிருந்த ஆணி என் கண்ணில் பட்டது.

கண்ணு, இனிமேல் எழுதுவதுதான் உனக்கு நான் சொல்ல வந்தது. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைவரை போனேன். உள்ளே வெளியூர்க்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு உள்ளிருந்தே என்ன என்பது போலத் தலையை அசைத்தார். நான் ஒன்றுமில்லை என்பது போலத் தலையை அசைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஒரு பாட்டிலை வைத்துச் சொல்லக்கூடாது, இன்னொரு கவரைப் பிரித்துப் பார்த்து நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மணியக்கா என் முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். தலைவலி என்றேன். மத்தியானமும் அந்த அறையில் ஆள் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு ஊட்டினேன். அன்று வேறெந்த வேலையும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை முதலாளி செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார், நான் பாட்டிலோடு நின்றேன். சாக்கு, தண்ணீர், புறங்கை, எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது தெரிந்தது என்று கேட்டார். நேற்றுக் காலை என்றேன். அவர் கோபப்படவில்லை. "நேத்தே சொல்லிருக்கலாமில்லீங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டு என் எதிரிலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை. எந்த நூல், எந்த இடம், எதனால் என்று நேராகச் சொன்னார். மறுமுனையில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டிகளை அப்படியே மூடி வைத்துவிட்டார்களாம். ஒன்றே ஒன்றைத்தான் பிரித்திருக்கிறார்கள், முந்தின நாள் சாயங்காலம், ஒரு பெண்ணுக்கு.

டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் அன்றே விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அப்படியும் மூன்றாம் நாள் தையல் பாதி விட்டுவிட்டது. புண்ணைச் சுத்தம் செய்து, வேறு நூலால் மறுபடியும் தைத்தார்கள். பச்சைப் புண்ணில் இரண்டாம் முறை. நானே போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டதும் டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கி என்னை உள்ளே விட்டார். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், வந்து குவியும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் கண்டுபிடிப்பவள். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. அந்தப் பதிலை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் எழுந்து வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காரவே முடியறதில்லீங்க. புள்ளைய எடுக்கோணும்னா அழுகையா வருதுங்க" என்றாள்.

அந்த நூலைச் செய்தது நான்தான், ஈரம் பட விட்டதும் நான்தான் என்று சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "முன்னாலயே தெரியுமுங்களா உங்களுக்கு?" என்றாள். பொய் சொல்ல இடம் இருந்தது. ஆனால் அந்தக் கம்பியையும் கையையும் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "உங்களுக்குத் தைச்ச அன்னைக்குக் காலையில தெரிஞ்சுதுங்க" என்றேன். அவள் குழந்தையின் பக்கம் திரும்பி அதன் துணியைச் சரிசெய்தாள். "நாங்க ஒரு பீஸ்ல ஓட்டை வந்தாக்கூட அந்த லாட்டையே நிறுத்திப்போடுவோமுங்க" என்றாள். பிறகு, சண்டைக்கு அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல, "ஏனுங்க, உங்க கம்பெனில போன் இல்லீங்களா?" என்றாள்.

புதிதாகப் பேசுகிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பெரிய ஆட்கள் நடுவே போய் நிற்க வராது என்றெல்லாம் என்னைப் பற்றி நான் இரக்கமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னோடு போகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். இன்னொருத்தி உடம்பில் தையலாகப் போய் விட்டுப்போகும் என்று நினைத்ததில்லை. அவளுக்குப் புண் ஆற ஆறு வாரம் ஆனது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை போனபோது அவள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்பது எனக்கு வேண்டுமானால் ஆறுதலாக இருந்திருக்கும், அவளுக்கு அது இன்னொரு வேலை.

நூல் பிற்பாடு தேறியது. ஏசி நின்றால் மிஷினும் நிற்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். பத்து நாள் தண்ணீர்ச் சோதனை முடியாமல் ஒரு கவரும் வெளியே போகவில்லை. மணியக்கா தானாகவே அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தார். "நானும்தான பிள்ள கட்டுனேன்" என்று ஒருமுறை அவர் சொன்னபோது அப்படிச் சொல்லாதீங்கக்கா என்றேன். மறு வருஷம் டாக்டரம்மா, தையல் போட்டுக்கொண்ட பெண்கள் பத்தாம் நாள் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள் என்று சொன்னார். பிறகு முதலாளி அந்தப் பிரிவை வேறொரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். எங்கள் பின்னல் இன்று எந்தப் பெயரில் இருக்கிறது, இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. நித்யாவுக்குப் போட்டிருக்கும் நூல் எது என்றும் தெரியாது. நல்ல நூலாகத்தான் இருக்கும். இப்போது எல்லாமே முன்னைவிட நல்லவை. ஆனாலும் எந்த நூலும் தன்னைப் பற்றித் தானே சொல்லாது. தைக்கப்பட்டவள்தான் சொல்ல வேண்டும், அவள் சொல்வாள் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே.

நாளை இதைப் படித்ததும் சாயங்கால பஸ்ஸை மறந்துவிடு. அவள் அம்மா சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போ. "நல்லா இருக்கியா" என்று கேட்காதே, அதற்கு ஒரே பதில்தான் உண்டு. எங்கே குத்துகிறது, எப்படி உட்காருகிறாய், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, வலி நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, ஏதாவது கசிகிறதா என்று பெயர் சொல்லிக் கேள். உனக்குக் கூச்சமாக இருக்கும். நீ என் பிள்ளை, இருக்கத்தான் செய்யும். முதலில் அவள் ஒண்ணுமில்லீங்க என்பாள். எழுந்து வந்துவிடாதே. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திரு. அவள் கை எதையாவது பிடித்திருக்கிறதா என்று பார். இரண்டாவது பதில் வரும்.

அது வந்ததும் அத்தையிடம் கேட்கலாம், திங்கட்கிழமை பார்க்கலாம், இன்னொரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதே. அங்கேயே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே டாக்டரைக் கூப்பிடு. உன் கையில் போன் இருக்கிறது.

அம்மா